இணைப்பு: கட்டைவிரல் ஒன்று

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் கூடிய அவசரக் கூட்டத்துக்கு வந்தவர்களும் அவரவர் அமர்ந்த இடங்களும் பின்வருமாறு.

தலைவர், மெத்தைக் கடை வைத்திருப்பவர்: தன் காருக்குள், கண்ணாடியை முழுக்க ஏற்றிக்கொண்டு. நான்காம் மாடிக் காப்பீட்டு முகவர், ஒரு நாளைக்கு நான்கு வேளை ஆவி பிடிப்பதால் நீராவி என்று பெயர் பெற்றவர்: தண்ணீர் மோட்டார் அறை வாசலில், தலையில் துண்டோடு. தெருமுனையில் ஸ்டூடியோ வைத்திருப்பவர், எங்கள் வாட்ஸாப் குழுவின் அட்மின்: தன் ஸ்கூட்டரின் மேல், பக்கவாட்டில். மூன்றாம் மாடிப் பல் டாக்டர்: மின்சார மீட்டர்களுக்குக் கீழே, மற்ற இடங்களை எல்லாம் மற்றவர்கள் முன்பே பிடித்துவிட்டதால். என் மனைவி, மருந்துக் கடையில் பில் போடுபவள்: மாடிப்படியின் மூன்றாம் படியில், மடியில் பட்டாணி உரித்துக்கொண்டு. செயலாளராகிய நான்: நடுவில், மடக்கு நாற்காலியில், நோட்டுப் புத்தகத்தோடு. ஆளுக்கு ஆள் ஆறடி இருக்கும்படி காலையிலேயே டேப் வைத்து அளந்து, சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தேன்.

வராதவர்: 2சி வீட்டுக்கு வந்து பதினொரு நாளான பள்ளிக்கூட வேன் ஓட்டும் பெண்மணி. கூட்டம் அவரைப் பற்றியது என்பதால் அவருக்குச் சொல்லவில்லை.

ஆறடி தள்ளி, முகமூடிக்குள்ளிருந்து பேசினால் ஒன்றும் கேட்கவில்லை. தலைவர் காருக்குள் வாயசைத்ததோடு சரி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எல்லோரும் போனை எடுத்துக் குழுவில் எழுத ஆரம்பித்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்து ஒருவருக்கொருவர் 'காலை வணக்கம்' அனுப்பிக்கொண்டார்கள். நான் மட்டும் அதில் கலந்துகொள்ள முடியவில்லை. காரணம் உண்டு.

எனக்கு எதையும் முதலிலிருந்து வரிசையாகப் படித்துத்தான் பழக்கம். தபாலில் பத்துக் கடிதம் ஒன்றாக வந்தாலும் தேதி பார்த்து அடுக்கிவிட்டுத்தான் முதல் உறையைப் பிரிப்பேன். குழுச் செய்திகளையும் அப்படியே படித்து வந்தேன். புது வைரஸ் வருவதற்கு முன் ஒரு நாளைக்கு ஏழெட்டுச் செய்தி வரும். தண்ணீர் வரவில்லை, லிஃப்டில் யாரோ குடையை விட்டுவிட்டார்கள், இப்படி. நகரில் மூன்று பேருக்குக் கண்டிருப்பதாகச் சுகாதாரத் துறை சொன்ன அன்று மட்டும் நூற்று எண்பது வந்தது. அதற்கப்புறம் அவர்கள் ஓட ஓட நான் நடந்துகொண்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒன்பது நாள் பின்தங்கியிருந்தேன்.

நான் படித்து முடித்திருந்த வரைக்கும், வைரஸ் எங்கள் தெருவுக்கு வரவில்லை. மருந்து வந்துவிட்டிருந்தது, பதினேழு வகை. வெங்காயத்தைப் பாதியாக வெட்டிச் சாவித் துவாரத்தை அடைத்தால் வராது. இடது பக்கமாகப் படுத்தால் வராது. அன்று மாலையே, இடது பக்கம் தவறு, வலது பக்கம்தான் என்று திருத்தம். பழைய மெத்தையில் இந்த வைரஸ் ஒன்பது ஆண்டு உயிரோடு இருக்கும் என்று ஒரு செய்தி. அதைப் போட்டிருந்தவர் தலைவர்.

தலைவர் காரின் கண்ணாடியை நான்கு விரற்கடை இறக்கினார்.

"செயலாளரே, வீட்டுக்காரர் லெட்டரை எல்லாருக்கும் படிங்க."

படித்தேன். 2சி வீட்டின் சொந்தக்காரர் வேறு ஊரில் இருக்கிறார். வாட்ஸாப் கிடையாது, இருக்கிற பட்டன் போனையும் அணைத்தே வைத்திருப்பார். எதுவானாலும் அவருக்குத் தாளில் வர வேண்டும். எனக்குப் பிடித்த மனிதர். மெத்தைக் கடையில் யாரோ சொன்னது அவர் தம்பி காதுக்குப் போய், தம்பி மூலம் அவர் காதுக்குப் போயிருந்தது. அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: என் வீட்டில் குடியிருப்பவருக்குப் புது நோய் என்று கேள்விப்படுகிறேன். உண்மையா என்று சங்கம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் உண்மை என்றே எடுத்துக்கொண்டு, ஒப்பந்தப்படி ஏழு நாளில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் தலைவர். "உண்மைதான்னு ரெண்டு வரி எழுதி அனுப்புங்க."

"எதை வெச்சு உண்மைன்னு எழுதுறது தலைவரே?"

நீராவி துண்டை விலக்கினார். "அண்ணே, நான் போட்ட ஆடியோ கேக்கலையா நீங்க?"

"வரிசைப்படி இன்னும் அங்க வரலை."

"வரிசைப்படியா? ரேஷன்லயா நிக்கிறீங்க?" என்று சொல்லிக்கொண்டே போனை உயரப் பிடித்தார். பன்னிரண்டு விநாடி. கர்ர், க்கர்ர், க்கர்ர்ர் என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம், கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் அதே. "தினமும் காலையில நாலு மணிக்கு. ரெண்டாவது மாடிப் பக்கமிருந்து. எப்படி இழுத்து இழுத்து வருது பாருங்க. நெஞ்சுக்கூடு என்னத்துக்கு ஆகும்? ஊர் பூரா சுத்திட்டு, 'புது வைரஸ் இருமல் இப்படித்தான் இருக்கும், உங்க இருமலோட ஒப்பிட்டுப் பாருங்க'ன்னு எங்க ஆபீஸ் குரூப்புக்கே திரும்பி வந்திருக்கு."

"கடைசியில ஹார்ன் மாதிரி ஒண்ணு கேக்குதே," என்றார் பல் டாக்டர்.

"டாக்டர், நீங்க பல்லப் பாருங்க."

எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஒரே டாக்டர் அவர். வைரஸ் வந்த நாளிலிருந்து அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

"ஆடியோவை விடுங்க," என்றார் அட்மின். "கட்டைவிரல்? நாப்பது குரூப்புல வந்தாச்சு. கட்டைவிரல் நுனியில சிவப்பாத் தடிக்கும். அதான் முதல் அறிகுறி. அந்தம்மா கைப்பட எல்லாத்தையும் ஒத்துக்கிட்ட கடிதம், அதைப் பிடிச்சிருக்கிற விரல், ரெண்டும் ஒரே படத்துல இருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

கடிதம் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆடியோவை நம்பாதவன், விரலை நம்பாதவன், கைப்பட எழுதிய கடிதம் என்று கேட்டதும் மரியாதை வந்துவிட்டது.

நீராவி தன் கட்டைவிரலை வெயிலில் காட்டினார். "எனக்கும் லேசா இருக்குண்ணே."

"நாள் முழுக்க போன்ல தேய்ச்சா இருக்கத்தான் செய்யும்," என்றார் டாக்டர். அதையும் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"அந்தம்மாவை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் என் மனைவி, பட்டாணியிலிருந்து தலை எடுக்காமல். தன் போனில் குழுவை அவள் ஒரு வருஷத்துக்கு 'மியூட்' போட்டு வாயடைத்து வைத்திருக்கிறாள். எல்லோரும் சட்டென்று அவரவர் போனைப் பார்த்தார்கள்.

"கேக்கப் போய் நமக்கு ஒட்டிக்கிச்சுன்னா?" என்றார் தலைவர். கண்ணாடி இரண்டு விரற்கடை மேலே போனது.

நான் எழுந்து நின்றேன். "எழுதுறேன். ஆனா கடிதம்னா பொருள் இருக்கணும். பொருளுக்குக் கீழ பார்வை இருக்கணும். எந்த ஆதாரத்தைப் பார்த்து எழுதுறோம்னு அதுல சொல்லணும். அந்த ஆதாரத்தை இணைப்பா வைக்கணும். அது இல்லாம இந்தக் கை எழுதாது."

"அவ்வளவுதானே?" என்றார் அட்மின். "மத்தியானத்துக்குள்ள பிரிண்ட் போட்டுத் தர்றேன்."

கூட்டம் மாலை ஐந்து மணிக்கு ஒத்திவைக்கப்பட்டது.

*

இரண்டு மணிக்கு அழைப்புமணி அடித்தது. திறந்தால் ஆள் இல்லை. கைப்பிடியில் ஒரு பை. உள்ளே அட்மின் தொழில் சுத்தமாகச் செய்த வேலை: கல்யாணப் படம் அளவுக்குப் பெரிதாக்கி, பளபளவென்று கண்ணாடித் தாள் ஒட்டிய படம். சாப்பாட்டு மேசையில் வைத்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

நாற்பது குழுக்களில் புரண்டு வந்ததில் படம் கலங்கிப்போயிருந்தது. மேலே பாதி வெட்டு, கீழே பாதி வெட்டு. யாரோ சிவப்பு அம்புக்குறி போட்டு விரலைக் காட்டியிருந்தார்கள். வேறு யாரோ அந்த அம்புக்குறியைச் சுற்றி மஞ்சள் வட்டம் போட்டிருந்தார்கள். நடுவில் நான்கைந்து வரி மட்டும் படிக்க முடிந்தது: '2சி எண்ணுள்ள வீட்டில் குடியிருக்கும் எனக்கு நேற்று முதல் காய்ச்சலும் இருமலும் இருப்பதால்…'

நல்ல நடை என்று முதலில் தோன்றியது. இடப்பக்கம் மூன்று விரல் இடம் விட்டு எழுதியிருந்தது பிடித்தது. வீட்டு எண்ணுக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. இப்படி இரண்டு கோடு போடுகிறவர் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார் என்று நினைத்தபடியே என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். தலைப்புக்குத் தலைப்பு, கீழே இரண்டு கோடு.

"ஏங்க," என்றாள் என் மனைவி, தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து. "இந்த விரலை எங்கயோ பார்த்திருக்கேனே."

தன் வலது கட்டைவிரலைக் கொண்டுவந்து படத்தின் பக்கத்தில் வைத்தாள். நகத்தின் இடது ஓரத்தில் அதே பிளவு. நுனியில் அதே சிவப்பு. 'விற்ற மருந்து திரும்பப் பெறப்படாது' என்று நாளைக்கு இருநூறு பில்லில் முத்திரை குத்துகிற மை.

"பன்னெண்டு வருஷமா இருக்கு எனக்கு இந்த வைரஸ்," என்றாள்.

எல்லாம் வரிசைப்படி ஞாபகம் வந்தது. பதினான்கு நாள் முன்பு, காய்ச்சல் இருந்தால் அலுவலகம் வரவேண்டாம், கடிதம் அனுப்பினால் போதும் என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட்டார்கள். உடனே குடியிருப்பில் நாலு பேர், சார் ஒரு லீவ் லெட்டர் எழுதித் தாங்க என்று வந்து நின்றார்கள். தனித்தனியாக எழுதுவானேன் என்று ஒரு மாதிரிக் கடிதம் எழுதினேன். மேலே 'மாதிரி' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். கீழே 'இப்படிக்கு' எழுதிப் பெயருக்குப் புள்ளி வைத்தேன். வீட்டு எண்ணுக்கும் புள்ளி வைத்திருக்கலாம். ஆனால் வாக்கியத்தின் நடுவே ஓட்டை இருந்தால் எனக்குப் பொறுக்காது. யார் வீட்டு எண்ணைப் போட்டாலும், 'என் வீட்டுக்கா நோய் வரச் சொல்றீங்க' என்று சண்டைக்கு வருவார்கள். ஆகவே ரொம்ப யோசித்து, எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த 2சி வீட்டின் எண்ணைப் போட்டேன். மனைவி கையில் பிடித்துப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். பதினொரு பேர் கும்பிடுகிற கை போட்டார்கள். மூன்று நாள் கழித்து 2சிக்கு ஆள் குடிவந்தது.

படம் ஊர்வலம் போய், தலையும் காலும் வெட்டுப்பட்டு, செய்தியாகத் திரும்பி வந்திருந்தது.

"கறுப்பா வாந்தி எடுத்தான்னு சொன்னா, காக்கா காக்காவா வாந்தி எடுத்தான்னு சொல்ற ஊரு இது," என்றாள் மனைவி. "நீங்க காக்காவையே வரைஞ்சு குடுத்திருக்கீங்க. அதுவும் ஸ்கேல் வெச்சு."

"இது வெளிய தெரிஞ்சா எவன் என்கிட்ட இனிமே ஒரு லெட்டர் எழுதித் தரக் கேப்பான்? செயலாளர் பதவியும் போயிடும்."

"போனா, மெசேஜ் படிக்க நேரம் கிடைக்கும்."

"பதில் எழுதாம விட்டுட்டா?"

"வெள்ளிக்கிழமைக்கு மேல உண்மைன்னு எடுத்துக்குவேன்னுதான் அந்த மனுஷன் எழுதியிருக்காரே. நீங்கதானே காலையில படிச்சீங்க, ஏத்த இறக்கமா."

இருபத்தொரு வருடத்தில் இந்தப் பெண்பிள்ளையிடம் ஒரு வாதத்தில்கூட நான் ஜெயித்ததில்லை. படத்தைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனேன். யார் மேல் புகார் எழுதுகிறோமோ அவருக்கு ஒரு நகல் கொடுக்க வேண்டும், அது முறை. புகாரே என் மேல்தான் என்று ஆன பிறகும், நகல் அவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தோன்றியது.

*

கதவு திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது. தூக்கக் கலக்கத்தோடு நின்றார். தூரத்துப் பிள்ளைகளை ஏற்றி வர மூன்றரைக்கே எழுந்து போகிறவர். மத்தியானம் தூங்குவதால்தான் மணியடித்தால் திறப்பதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதையும் குழுவில் யாரோ 'எழுந்திருக்கவே முடியவில்லை போல' என்று போட்டிருக்கக்கூடும். நான் இன்னும் அங்கே வரவில்லை.

"நான் அசோசியேஷன் செயலாளர்…"

"தெரியும் சார். உள்ள வாங்க. பயமா இருந்தா வெளியவே நில்லுங்க, எனக்கொண்ணும் இல்லை."

உள்ளே போனேன். சுவரை ஒட்டி அட்டைப்பெட்டிகள், கயிறு பிரிக்காமல். ஒன்பதாவது படிக்கும் மகள் ஒரு பெட்டியின் மேல் நோட்டை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மேசை இன்னொரு பெட்டிக்குப் பின்னால், கால்களைக் கட்டி, சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"வந்து பதினொரு நாளாச்சே. இன்னும் பிரிக்கலையா?"

"பாதி பிரிச்சேன் சார். ஆறு நாள் முன்னால அந்த விரல் படம் வந்ததும் திரும்பக் கட்டிட்டேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் குரூப்ல இருக்கேனே. வந்த அன்னைக்கே அட்மின் சார் சேர்த்துட்டாரு."

ஆறு நாளாக அவரைப் பற்றி அவரை வைத்துக்கொண்டே பேசியிருக்கிறார்கள்.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன் சார். 'எனக்கு ஒண்ணுமில்லை, நல்லா இருக்கேன்'னு போட்டேன். அட்மின் சார் கும்பிடுற கை போட்டாரு. உடனே வெங்காயம் பத்தி நாப்பது மெசேஜ் வந்துச்சு. நான் போட்டது மேல எங்கயோ போயிடுச்சு." கொட்டாவியை அடக்கிக்கொண்டார். "முதல்ல வேற யாரோ 2சின்னு நினைச்சேன். படிக்க நல்லா இருந்துச்சு சார், பொய் சொல்லக் கூடாது. என்ன ஆகப்போகுதோன்னு வண்டியை ஓரங்கட்டி நிறுத்திக்கூடப் படிச்சேன்."

"இருமல்?"

"அது நான் இல்லை சார், வண்டி. ஸ்டார்ட்டர் போச்சு. குளிர்ல நாலு தடவை இழுத்தாத்தான் பிடிக்கும்."

பெட்டிகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இந்த வருஷத்துல இது மூணாவது வீடு. வண்டி நிறுத்த இடமில்லாமலே ரெண்டு போச்சு. தெருவுல நிறுத்தினா காலையில கண்ணாடி இருக்காது, இருபத்திரண்டு பிள்ளைங்களை எதுல ஏத்துறது? இங்க கீழ இடம் இருக்குன்னுதான் சார் வந்தேன். போகச் சொன்னா போயிடுறேன். ஆனா பரீட்சை முடியிற வரைக்கும் விடுங்கன்னு எழுத முடியுமா? நீங்க நல்லா எழுதுவீங்கன்னு சொல்றாங்க."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குத் தேவைதான். பையிலிருந்து படத்தை எடுத்தேன்.

"இதை எழுதினவன் நான்தாம்மா. மாதிரிக்கு எழுதினேன். வீடு காலியா இருக்கேன்னு உங்க நம்பரைப் போட்டேன். விரல் என் வீட்டுக்காரம்மாவோடது. சிவப்பு, முத்திரை மை."

வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். மகள் கணக்கை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"கையெழுத்து ரொம்ப நல்லா இருக்கு சார்," என்றார்.

அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

*

மாலை ஐந்து மணிக்கு அதே சாக்பீஸ் வட்டங்களில், அதே ஆட்கள். கூடுதலாக ஒருவர்: வேன்காரம்மா, சுவரோரம் நின்ற தன் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில். அவர் இறங்கி வந்ததைப் பார்த்ததுமே தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். நீராவி மோட்டார் அறைக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டார்.

நான் நின்றுகொண்டு படித்தேன்.

'பொருள்: 2சி வீட்டில் குடியிருப்பவர் நலமாக இருப்பது குறித்து. பார்வை: ஒன்று, தங்கள் கடிதம். இரண்டு, என்னால் எழுதப்பட்ட மாதிரி விடுப்புக் கடிதம். ஐயா, தாங்கள் கேள்விப்பட்ட நோய் இக்குடியிருப்பில் ஒருவருக்கும் இல்லை. காலியாக இருந்த தங்கள் வீட்டின் எண்ணை நான் மாதிரிக் கடிதம் ஒன்றில் எழுதினேன். அக்கடிதத்தின் தலையும் காலும் வெட்டப்பட்டு, நோய்க்கு ஆதாரமாக நாற்பது குழுக்களில் பரவியது. பிழை என்னுடையது. படத்தில் காணும் சிவந்த கட்டைவிரல் என் மனைவியுடையது. மருந்துக் கடை முத்திரை மையால் சிவந்தது. இணைப்பு: மேற்படி கட்டைவிரல் (படம்).'

என் மனைவி படியிலிருந்தபடியே கட்டைவிரலை எல்லோருக்கும் காட்டினாள், வலமிருந்து இடமாக.

"ஐயய்யோ," என்றார் அட்மின். "அதை நான் நாப்பது குரூப்புக்கு அனுப்பிட்டேனே."

"அதான் என் கிளினிக்குக்கு ஆறு பேர் வந்தாங்களா?" என்றார் பல் டாக்டர். "வாயைத் திறங்கன்னா விரலை நீட்டுறாங்க."

"விரல் சரி. இருமல் இருக்கே அண்ணே," என்றார் நீராவி, மோட்டார் அறைக்குள்ளிருந்து. "அது பொய் சொல்லாது. நான் காதால கேட்டது."

வேன்காரம்மா சாவியைத் திருப்பினார். கர்ர், க்கர்ர், க்கர்ர்ர். நிறுத்தி, மறுபடியும் அதே. நான்காம் தடவை வண்டி பிடித்துக்கொண்டு நடுங்க ஆரம்பித்தது. பழக்கத்தில் ஹார்னை ஒரு தட்டுத் தட்டினார்.

நீராவி போனை எடுத்து ஆடியோவை ஓட விட்டுக் காதருகே வைத்துக்கொண்டார். ஒருமுறை வண்டியைப் பார்த்தார், ஒருமுறை போனைப் பார்த்தார்.

"அண்ணா, இதுக்கு ஆவி பிடிச்சா சரியாகுமா?" என்றாள் என் மனைவி.

பல் டாக்டர் மீட்டர் பெட்டியைப் பார்த்துத் திரும்பி நின்று சிரித்தார். பதினான்கு நாளில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் தலைவர் சிரிக்கவில்லை. கண்ணாடி இரண்டு விரற்கடை இறங்கியது. "எல்லாம் சரி செயலாளரே. நீங்க எழுதினது உங்க தப்பு. அதுக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? போட்டா சங்கமே தப்புப் பண்ணின மாதிரி ஆயிடும். உண்மையா பொய்யான்னு எங்களுக்குத் தெரியலைன்னு பொதுவா எழுதுங்க. முடிவை அவர் எடுக்கட்டும்."

"தெரியலைன்னு எழுதினா அவர் காலி பண்ணத்தான் சொல்வாரு தலைவரே. தலைவர் கையெழுத்து இல்லாம அவர் எதையும் ஏத்துக்கவும் மாட்டாரு."

"அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

வேன்காரம்மா என்ஜினை அணைத்தார். பெட்டிகளுக்குள் எது எங்கே இருக்கிறது என்று அவர் மனத்துக்குள் எண்ணுவது போலிருந்தது எனக்கு. நான் நோட்டைப் புரட்டினேன்.

"பொதுவா எழுதணும்னா, நம்ம குழுவுல என்னென்ன வந்துச்சுன்னு எல்லாத்தையும் பார்வையில காட்டணும் தலைவரே. அப்பத்தான் அவர் முடிவெடுக்க முடியும். ஒண்ணு, வெங்காயம். ரெண்டு, இடது பக்கம் படுக்கிறது. மூணு, பழைய மெத்தையில வைரஸ் ஒன்பது வருஷம் உயிரோட இருக்கும்ங்கிற செய்தி. அனுப்பினவர் பெயர், தேதி, மணி எல்லாம் குறிச்சு வெச்சிருக்கேன். நான் வரிசையாத்தானே படிக்கிறேன். அவர் தம்பிகூட போன வாரம் உங்க கடையில மெத்தை மாத்தினார்னு கேள்வி."

காருக்குள் தலைவரின் வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கேட்காமல் போனதே நல்லது. பிறகு கண்ணாடி இடுக்கு வழியாக ஒரு கை வெளியே வந்து, விரல்களை மடக்கி மடக்கி, கொடு என்றது.

கடிதத்தைக் கொடுத்தேன். ஒருவர் பேனாவை இன்னொருவர் தொடமாட்டேன் என்றதால் நீலம், கறுப்பு, பச்சை, ஸ்டூடியோவில் படத்துக்குப் பொட்டு வைக்கும் சன்னப் பேனா என்று ஐந்து கையெழுத்து ஐந்து மையில் விழுந்தது. தலைவர் போட்டு முடித்ததும் நீராவி பாய்ந்து வந்து கடிதத்தின் மேல் கிருமிநாசினி அடித்தார். தலைவர் பெயர் கரைந்து வழிந்தது. அவர் இரண்டாவது தடவை போட வேண்டியிருந்தது. முதல் தடவையைவிட அது அழுத்தமாக விழுந்தது.

பல் டாக்டருக்குக் கடைசி இடம்தான் கிடைத்தது. தன் பெயருக்குக் கீழே 'டாக்டர்' என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

படத்தை நாலாக மடித்தேன். கடிதத்தை மூன்றாக மடித்தேன். உறையில் போட்டு ஓரத்தை நாக்கால் நனைக்கப் போனபோது ஐந்து குரல் ஒன்றாக "சார்" என்றன. என் மனைவி மேலே போய்க் கோந்து பாட்டிலை எடுத்து வந்து, அந்தக் கட்டைவிரலாலேயே தடவி ஒட்டினாள். உறையின் பின்பக்கம் மெலிதாக ஒரு சிவப்பு ரேகை பதிந்தது. துடைக்கலாமா என்று யோசித்தேன். இணைப்பை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள அவருக்கு வசதியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"இப்ப யார் போய்ப் பெட்டியில போடுறது?" என்றார் அட்மின். எல்லோரும் உறையையும் அதன் பின்பக்கத்தையும் பார்த்தார்கள்.

"குடுங்க சார்," என்றார் வேன்காரம்மா, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி. "டீசல் போடப் போறேன். வழியிலதான் தபால் பெட்டி."

முகவரியை ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்த்தார். உறையைக் கண்ணாடிக்கு முன்னால், பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டுக்கு மேல் வைத்தார். பிறகு மாடியை அண்ணாந்து பார்த்து, மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "மேசைக் கயித்தை அவுத்து வை, வந்துடுறேன்," என்றார்.

சாவியைத் திருப்பினார். வண்டி மூன்று தடவை இருமியது. தலைவர் பழக்க தோஷத்தில் கண்ணாடியை ஏற்றினார். நான்காம் தடவை என்ஜின் பிடித்துக்கொள்ள, வேன் சாக்பீஸ் வட்டங்களின் மேல் ஏறி, வாசலைத் தாண்டி, தபால் பெட்டி இருக்கும் பக்கமாகத் திரும்பியது.